தொள்ளாயிரம் வரை

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது; ஆகவே எழுதுகிறேன். கடிகாரத்தைப் பார்க்காமல் நேரம் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கேட்காததைக் கேட்டதாகச் சொல்லும் பழக்கமும் இல்லை. இருட்டில் நடந்திருந்தால், கண் ஏமாற்றிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி முடித்திருப்பேன். நடந்ததோ பட்டப்பகலில். பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வெயில் தெருவைப் பொசுக்கிக்கொண்டிருந்தது.

என் தம்பி பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். வண்டிகளின் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது, பழுது பார்ப்பது, புதியவை விற்பது. தெருவில் அவனுக்குப் பெயரே 'சார்ஜர்'தான். புதிய கட்டடத்துக்குக் கடையை மாற்றிய இரண்டாம் மாதம் இது நடந்தது.

முன்னறையில் விற்பனை, அங்கே தம்பியின் மனைவி இருப்பாள். நடு அறையில் நீளமான மரப்பலகை. அதன்மேல் பேட்டரிகள் வரிசையாக நிற்கும், சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியுமாக. பின்னறையில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதன்மேல் ஒரு பித்தளைக் குழாய்.

தம்பிக்கு வேலை தெரியும், ஒழுங்கு தெரியாது. ஆகவே ஒழுங்கு என் பொறுப்பாயிற்று. ஆசிட் கேன் வலப்பக்கம் இருக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர்க் கேன் இடப்பக்கம். ஆசிட்டைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். நீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. கம்பியைக் கழற்றும் முன் சார்ஜர் கருவியை அணைக்க வேண்டும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வாயு கிளம்பும். அது வெடிக்கச் சிறு பொறி போதும். வேலை முடியும் வரை பாதுகாப்புக் கண்ணாடி கண்ணைவிட்டு ஏறக் கூடாது. கண்ணில் ஆசிட் பட்டால் மருந்தைத் தேடி ஓடக் கூடாது. ஓடும் தண்ணீரில் கண்ணைக் காட்டி, இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அதாவது தொள்ளாயிரம் வரை நிதானமாக எண்ண வேண்டும். அதன் பிறகுதான் மருத்துவமனை.

இவற்றை நான் நாள் தவறாமல் சொல்வேன். தம்பி நாள் தவறாமல் சிரிப்பான்.

"அக்கா, பேட்டரிகூடச் சார்ஜ் இறங்கினா ஓஞ்சுடும். நீ ஓய மாட்டியா?"

"கண்ணாடிய நெத்தியில ஏத்தி வெச்சிருக்கியே, ஆசிட் என்ன உன் நெத்தியவா தேடி வரும்?"

"சரி தாயே." கண்ணாடி இறங்கும். நான் திரும்பியதும் மறுபடி ஏறும்.

முதலில் கோளாறு காட்டியது குழாய். ஒரு திங்கட்கிழமை காலை அதைத் திறக்க முடியவில்லை. யாரோ வெறிகொண்டு முறுக்கி மூடியதுபோல் இறுகிக் கிடந்தது. தம்பி ஸ்பேனர் போட்டுத் திறந்தான். நான் மூடவில்லை என்றான். அவன் மனைவியும் மூடவில்லை என்றாள்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமையும்.

வியாழக்கிழமை, அவசரத்துக்கென்று நான் நிரப்பி வைக்கும் வாளி வற்றிக் கிடந்தது. வாளியில் ஓட்டை இல்லை. தரையில் ஈரம் இல்லை. மீண்டும் நிரப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். உள்ளே விரலை விட்டுத் தடவினேன். அடிப்பக்கம் எலும்புபோல் உலர்ந்திருந்தது.

"வெயில் குடிச்சிருக்கும் அண்ணி," என்றாள் தம்பியின் மனைவி. என்னை அவள் அண்ணி என்றுதான் அழைப்பாள்.

"பின்னறையில வெயிலே விழாதேம்மா."

அவள் குனிந்து வாளியைப் பார்த்தாள். பிறகு ஏனோ என் கைகளைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை.

மணி 2.10. நான் பின்னறையில் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தேன். அன்று குழாய் எளிதாகத் திறந்தது. நடு அறையில் சார்ஜர் 'ம்ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தது. தம்பி குரல் கொடுத்தான்.

"அக்கா, சார்ஜர அணைச்சிட்டியா?"

நான் அணைக்கவில்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"அணைச்சாச்சு."

என் குரல். சந்தேகமே இல்லை, என் குரல்தான். ஆனால் அது நடு அறையிலிருந்து வந்தது. தம்பியின் பக்கத்திலிருந்து...

'டக்' என்று பேட்டரிக் கம்பியின் கிளிப் கழலும் ஓசை.

டமார்!

ஓடினேன். பேட்டரியின் மேல்மூடி கூரையில் மோதிச் சிதறியிருந்தது. தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டான். கண்ணாடி நெற்றியில் இருந்தது. அதில் ஒரு துளிகூடப் படவில்லை.

சார்ஜர் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினேன்.

"எரியுதுக்கா... எரியுது... கண்ணு..."

தம்பியின் மனைவி சமையல் சோடா டப்பாவோடு ஓடி வந்தாள். தரையில் ஆசிட் கொட்டினால் தூவுவதற்காக வைத்திருந்தது.

"கரைச்சு ஊத்தவா அண்ணி?"

"கண்ணுலயா? கூடவே கூடாது. தண்ணி மட்டுந்தான். தூக்கு!"

இருவருமாக இழுத்துச் சென்றோம். அவன் சட்டையை வெட்டி எறிந்தேன். தலையைத் தொட்டிக்குள் சாய்த்தேன்.

"அவன் கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால பிடி. கசக்க விட்டுடாத. என்ன ஆனாலும் விடாத."

அவள் பிடித்துக்கொண்டாள். குழாய் திறந்திருந்தது. மணி 2.11. என் வலக்கை அவன் பின்தலையில். இடக்கை விரல்களால் இமைகளை விரித்தேன். வலக்கண், இடக்கண், மாற்றி மாற்றி. அலறினான். விடவில்லை.

"நான் எண்ணுவேன். தொள்ளாயிரம்னு சொல்ற வரைக்கும் தலையத் தூக்கக் கூடாது. கேக்குதா?"

"சரிக்கா..."

ஒன்று. இரண்டு. மூன்று.

அறுபதில் தண்ணீர் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். குழாய் மூடியிருந்தது. திறந்தேன். கொட்டியது. எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

நூற்றுப் பத்தில் மறுபடியும் நின்றது.

இம்முறை இறுகியிருந்தது. ஸ்பேனரை எடுத்தேன். வழுக்கியது. மீண்டும் மாட்டினேன். 'கிரீச்'... திறந்தது. தம்பியின் கண்ணிலிருந்து சோப்பு நுரைபோல் ஏதோ வழிந்தது.

நூற்று இருபது. நூற்று இருபத்தொன்று.

"முன்னூறு."

நான் சொல்லவில்லை.

"முன்னூத்தி ஒண்ணு. முன்னூத்தி ரெண்டு." என் குரல். என் மூச்சு. என்னைவிட வேகமாக.

"அக்கா, முன்னூறு ஆயிடுச்சா?" என்றான் தம்பி.

"இல்லடா! நூத்தி இருபதுதான் ஆச்சு!"

அவன் காதில் விழவில்லை.

கத்தி எண்ணினேன். அது என்னை முந்தியது. மேலும் கத்தினேன். அது இன்னும் முந்தியது. ஐந்நூறு. அறுநூறு...

தண்ணீர் நின்றது. மூன்றாம் முறை.

தம்பியின் மனைவியைப் பார்த்தேன். அவள் வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. ஓர் ஓசையும் வரவில்லை. பயத்தில் குரல் அடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஸ்பேனரை மாட்டினேன். திருகினேன்.

அசையவில்லை.

வாளி. வாளியைப் பார்த்தேன்.

உலர்ந்திருந்தது.

"தொள்ளாயிரம்."

"டேய், தூக்காத!"

"போதும்டா. எழுந்திரு."

எழுந்துவிட்டான்.

பிறந்ததிலிருந்து அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தே பழகியவன் அவன்.

மணி 2.17.

வடித்த நீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். போகும் வழியெல்லாம் கண்ணில் ஊற்றிக்கொண்டே போகலாம். பக்கத்துக் கடைக்காரர் தம்பியைத் தன் காரில் ஏற்றியிருந்தார்; கார் கிளம்பத் தயாராக நின்றது. தம்பியின் மனைவி கார்க் கதவை மறித்தாள். கேனைத் தட்டிவிட்டாள். உருண்டது. தண்ணீர் தெருவில் ஓடியது.

"இனிமே உங்க கையால ஒரு சொட்டுத் தண்ணி அவருக்கு வேண்டாம்!"

"என்னம்மா பேசற? கழுவணும்..."

"போங்க அப்படி!"

என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டுக் காரில் ஏறினாள். கார் போய்விட்டது. மருத்துவமனைக்கு இருபத்தைந்து நிமிடப் பயணம். ஒரு துளி நீர்கூட இல்லாமல் போனான்.

நான் வேறொரு வண்டி பிடித்துப் பின்னாலேயே போனேன். மருத்துவர் அவன் இமைக்குள் சிறு காகிதத் துண்டு ஒன்றை வைத்தார். காகிதம் சிவந்தது. ஆசிட் இன்னும் உள்ளேயே இருந்தது.

"எவ்வளவு நேரம் கழுவினீங்க?"

தம்பியின் மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "ஆறு நிமிஷம். அதுலயும் பாதி நேரம் தண்ணியே வரல."

"முழுசாக் கழுவியிருந்தா..." என்று தொடங்கிய மருத்துவர் நிறுத்திக்கொண்டார்.

வலக்கண் போயிற்று. வெந்த முட்டையின் வெள்ளைபோல் ஆகிவிட்டது. இடக்கண்ணில் நிழல் தெரியும், ஆள் தெரியாது.

நான்காம் நாள். தம்பி கட்டுடன் படுத்திருந்தான். அவன் மனைவி சுவரோரமாக நின்றாள். அந்தக் குழாயைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன்.

"அந்தக் குழாய் தானா மூடிக்கிச்சு. நீயும் பார்த்தியேம்மா?"

அவள் என்னையே பார்த்தாள்.

"தானாவா? நீங்கதானே அண்ணி மூடினீங்க!"

"என்ன?"

"மூணு தடவ. உங்க வலது கையால. நீங்களே மூடினீங்க, நீங்களே திறந்தீங்க. மூணாவது தடவ ஸ்பேனர் போட்டு இன்னும் இறுக்கினீங்க. நான் தொண்டை கிழியக் கத்தினேன். இவரு கைய விடாதன்னு சொல்லியிருந்தீங்களே... விட்டுட்டு ஓடி வரவும் பயமா இருந்துச்சு."

"எண்ணினது? வேகமா எண்ணினது யாரு?"

"நீங்கதான். வேற யாரு? ஒரே குரல்தான் கேட்டுச்சு."

கட்டுப் போட்ட முகம் என் பக்கம் திரும்பியது. பிறகு தம்பி பேசினான். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அக்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஏன் மூடின?"

 அன்றிலிருந்து அவன் வேறு கேள்வி எதையும் என்னிடம் கேட்பதில்லை. முகம் கழுவப் போகும்போது கதவை உள்ளே தாழிட்டுக்கொள்கிறான்.

கட்டட உரிமையாளரிடம் போனேன். அங்கே முன்பு யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் விழித்தார். கட்டடம் புதியது. அதற்கு முன் அது வெற்று நிலம். யாரும் வாழ்ந்ததில்லை. யாரும் சாகவும் இல்லை.

அதன் பிறகுதான் அன்று நான் அணிந்திருந்த சட்டையைத் துவைத்தேன். முழுக்கை வைத்த பருத்திச் சட்டை. கடைக்குப் போனால் உடைக்குமேல் அதை அணிந்துகொள்வேன். பருத்தியில் ஆசிட் பட்டால் உடனே தெரியாது. துவைத்து உலர்த்திய பிறகுதான் நூல் இற்று ஓட்டை விழும்.

கொடியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் விரித்தேன்.

உடம்புப் பகுதியில் ஓட்டை இல்லை. இடக்கையில் இல்லை.

வலக்கையில் மட்டும், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஐந்து ஓட்டைகள். ஒரு பக்கம் நான்கு, வரிசையாக. மறுபக்கம் ஒன்று.

என் தோலில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

சட்டையை அணிந்து, இடக்கை விரல்களை அந்த ஓட்டைகளில் பொருத்திப் பார்த்தேன். எட்டவில்லை. ஒவ்வோர் ஓட்டைக்கும் இடையே என் விரல் இரண்டு நுழையும் இடைவெளி.

பிடித்த விதத்தையும் பார்த்தேன். மேலிருந்து பிடித்த பிடியன்று. பக்கவாட்டிலிருந்தும் அன்று. விரல்கள் கீழிருந்து மேல்நோக்கி எழும்பி என் கையைச் சுற்றிப் பற்றியிருந்தன.

தம்பியின் கைகள் இரண்டும் அவன் முதுகுக்குப் பின்னால், அவன் மனைவியின் பிடியில் இருந்தன.

என் கைக்குக் கீழே இருந்தது அந்தத் தொட்டி மட்டுமே.