நிழல் பக்கத்துக் குழி

குன்னத்துகாலில் ஹவில்தார் அண்ணன் வீட்டுத் தொழுவத்தில் ஓர் அலுமினிய ஷவல் சாய்ந்திருக்கிறது. சாணி அள்ள சந்தையில் வாங்கினாராம். பட்டாளத்துச் சாமான் எனக்குத் தெரியாதா! நான் லேசில் எதையும் நம்புகிறவன் அல்ல.

வடக்கே ஒரு பனிமலை முகாமில் இருவரும் ஒன்றாக இருந்தோம். அவருடைய அப்பா இறந்த செய்தி வயர்லெஸ்ஸில் வந்தது. மூத்த மகன் வரட்டும் என்று உடலைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். இறங்க ஒரே வழி, ஒரு பனிச்சரிவைக் குறுக்கே கடப்பது. தனியாக யாரையும் விடமாட்டார்கள், துணைக்கு நான். புறப்படுமுன் பனி சரியுமா என்று குழி தோண்டிப் பார்ப்பது வழக்கம். குழியின் சுவரில் பனியைத் தூண் போல வெட்டி, உச்சியில் ஷவலை வைத்து, முதலில் மணிக்கட்டு மட்டும் அசைய, பிறகு முழங்கை அசைய, கடைசியில் தோளே அசையத் தட்டுவோம். எந்தத் தட்டில் அடுக்கு வழுகுகிறதோ, அதுதான் கணக்கு; லேசான தட்டுக்கே வழுகினால் சரிவு ஆளோடு இறங்கிவிடும். குளிர் பொறுக்காத எங்கள் ஊர்க்கைகள் எப்போதும் வெயில் விழும் இடத்திலேயே தோண்டும். அன்றும் அப்படித்தான். தோள் வீச்சுக்கும் தூண் அசையவில்லை. கிளம்பிவிட்டோம்.

சரிவின் ஓரத்தில் அவர் நின்றார். நிழல் பக்கமாக இன்னொரு குழி தோண்டினார். மணிக்கட்டுத் தட்டுக்கே மேலடுக்கு மொத்தமாக வழுகி அவர் மடியில் விழுந்தது. அடியில், ஒன்றோடொன்று ஒட்டாத சீனி போலக் குருணை.

"வேண்டாம் மக்கா, இது சதிச்சிரும்" என்றார். திரும்பிவிட்டோம்.

சரிவு விழவேயில்லை. இரண்டு நாள் கழித்து வேறொரு குழு அதன்மேலேயே நடந்து வந்து எங்களிடம் டீ கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் இல்லாமலே அடக்கம் நடந்தது. அப்பனோடு பிணக்கு, அதனால்தான் வரவில்லை என்று ஊர் பேசியது. உதியன்குளங்கரையில் கடை வைத்திருக்கும் அவர் தம்பி, இன்றும் ஞாயிற்றுக்கிழமை சபையில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். உயிர்ப்பயமா, பிணக்கா என்று எனக்கும் சந்தேகம்தான்.

போன வாரம் கேட்டேவிட்டேன்: "அது விழல்லியே அண்ணே?"

அவர் சாணி அள்ளுவதை நிறுத்தவில்லை. "விழல்லன்னா? எனக்கு இப்பவும் அதுல நம்பிக்கை இல்ல. தனியா விட்டிருந்தா போயிருப்பேன், அப்பனுக்க கடைசி முகமாக்கும். நீ கூட உண்டுல்லா. ஒனக்க அம்மைகிட்ட ஆரு போய்ச் சொல்லுவா?"

"இத தம்பிகிட்ட சொன்னியளா?"

"நீயே நம்பல்ல, எலே."

ஷவலைச் சுவரில் சாய்த்தார். சரிந்து விழுமா என்று மணிக்கட்டால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நான் பாறசாலையில் என் வீட்டுக்குத் திரும்பவில்லை. உதியன்குளங்கரைக்கு பஸ் ஏறினேன்.