முதல் தண்ணீரைப் போகவிட்ட வருஷம்

எண்பதுகளின் பிற்பகுதியில் பந்தல்குடிக்குக் கிழக்கே, என் மனைவியின் ஊரில் குடியிருந்தேன். நாளிதழ் ஒன்றுக்குச் செய்தி அனுப்புவது என் வேலை. அந்த ஊரில் குடிக்கக் கிணறு, குளிக்க ஊருணி. ஊருணி நிறைந்தால் தை மாதம் வரை நீச்சல்தான். விடியலில் பெண்கள், சாயங்காலம் ஆண்கள், நடுவில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்.

ஒரு ஐப்பசியில் முதல் மழைக்குத் தண்ணீர் வந்ததும் வழக்கம்போல ஊரே அன்றைக்கே குதித்தது. புதுத்தண்ணீரில் முங்காதவனை அங்கே கேலி பேசுவார்கள். அடுத்த வாரம் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். சுகாதார ஆய்வாளர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போனார். மலக்கிருமி இருப்பதாக அறிக்கை வந்தது. அடுத்த வருஷமும் இப்படியென்றால் ஊருணியில் யாரும் இறங்கக் கூடாது என்று தடை போட்டுவிடுவேன் என்றார் அவர்.

என் மச்சானுக்கு அது பொறுக்கவில்லை. பருத்திக் கமிஷன் கடைக்காரர். ஊர்க்கூட்டத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. நீந்தாமல் இரவுச் சாப்பாட்டில் கைவைக்காத மனிதர். கோடையில் நாங்கள் இருவரும் வரத்துக்கால் வழியே நடந்தோம். மழைத்தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுவரும் கால்வாய் அது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கும். இரு கரையிலும் கருவேல மறைப்பு. ஊர் முழுக்க அதற்குள்தான் ஒதுங்கியது. காய்ந்து கிடந்ததை யாரும் கால்வாயாக நினைக்கவில்லை. முதல் மழை அத்தனையையும் வழித்துக்கொண்டு போய் ஊருணியில் சேர்த்தது.

ஒதுங்குவதற்கு ஊருக்குத் தெற்கே பொறம்போக்கில் குழி வெட்டி, பெண்களுக்கு மறைப்புக் கட்டுவதில் கூட்டத்தில் தகராறு வரவில்லை. ஆனால் மண்ணில் ஊறியது போகாதே, அதனால் முதல் தண்ணீரை மட்டும் கால்வாய்க் கரையை வெட்டிப் பக்கத்து ஓடையில் தள்ளிவிடுவோம் என்றார் மச்சான். அங்கேதான் கூட்டம் முறுக்கிக்கொண்டது. வருகிற தண்ணீரை வேண்டாமென்று அனுப்பிய ஆள் அந்த வானம்பார்த்த காட்டில் அதுவரை கிடையாது. நிறைய நிலம் வைத்து விவசாயம் பார்த்த பெரிய சம்சாரி ஒருவர் எழுந்தார்.

“ரெண்டாம் மழை பெய்யலேன்னா என்ன செய்வீக மொதலாளி? கடையிலருந்து கொண்டாந்து ஊத்துவீகளா?”

“பெய்யும். பெய்யலேன்னா எம்மூஞ்சில காறித் துப்புங்க.”

முதல் மழை ஒரு மத்தியானம் பெய்தது. மச்சானே மண்வெட்டியோடு போய்க் கரையை வெட்டினார். கறுத்து நுரைத்த தண்ணீர் ஓடையில் இறங்கிப் போனது. கரையில் நின்றவர்கள் சாவு வீட்டில் நிற்பதுபோல நின்றார்கள். தண்ணீர் வடிந்ததும் வெட்டிய இடத்தை அடைத்தோம்.

அதன்பின் வானம் வெளுத்துவிட்டது. ஊருணி வெறும் தரையாகக் கிடந்தது. மச்சான் டீக்கடைக்குள் நுழைந்தால் யாராவது ஆரம்பிப்பார்கள்.

“ஏலே, மொதலாளிக்குக் கிளாசைக் கழுவிக் கவுத்தி வையி. ஊருணியவே அவுக அப்படித்தான வச்சிருக்காக.”

மச்சான் கூடவே சிரிப்பார். வீட்டில் மட்டும் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். மழை வரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த வட்டாரத்து மழைச் செய்திகளை வருஷா வருஷம் எழுதியவன் நான். கார்த்திகை முழுக்கப் பொய்த்ததாக எழுதிய வருஷங்கள் குறைவு.

கார்த்திகையில் பெய்தது. ஊருணி நிறையவில்லை, மேல்படிகள் காய்ந்தே இருந்தன. அதைச் சொல்லிக் குறைப்பட்டவர்கள் உண்டு. ஆய்வாளர் மறுபடி தண்ணீர் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, குளிக்கலாம் என்றார். அன்று சாயங்காலம் மச்சான் இருட்டும்வரை கரையேறவில்லை. அந்தப் பருவத்தில் ஊரில் யாருக்கும் வயிறு கெடவில்லை.

மறு வருஷம் கூட்டம் போடவில்லை. முதல் மழை இறங்கியபோது மச்சான் லோடு ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை போயிருந்தார். நான் குடையோடு வரத்துக்காலுக்கு ஓடினேன். எதிர்த்துப் பேசிய சம்சாரி முழங்கால் தண்ணீரில் நின்று கரையை வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

“இன்னுங் கொஞ்சம் போகட்டும். கறுப்பாத்தான் வருது.”