ஒருக்களிச்சு எழும்புங்கோ அக்கா

சுகந்தி மிஸ் இறந்த செய்தி வந்தபோது, மாத்தளையில் நாங்கள் வழக்கமாகக் கூடும் வாசிகசாலை மண்டபத்தில், முழங்காலை மடித்துப் பன்பாயில் மல்லாந்து கிடந்தேன். செவ்வாய்க்கிழமை காலை. மிஸ் லீவில் போய் இரண்டு மாதம். வந்துவிடுவார் என்று நம்பி, அவர் சொல்லித்தந்த அப்பியாசங்களை நாங்களாகவே செய்துகொண்டிருந்தோம். நாவுலயிலிருந்து வரும் ஃபரீதா போனைக் காதில் வைத்தபடியே சுவரில் சாய்ந்தார். "தபாலம்மா, மிஸ் மௌத்தாகிட்டாங்க" என்று என்னிடம் சொன்னார். நான் வெடுக்கென்று நேராக எழுந்து உட்கார்ந்தேன். முதுகுத் தட்டு விலகியவர்கள் செய்யவே கூடாதது அது. "ஒருக்களிச்சு, கையை ஊண்டி எழும்புங்கோ அக்கா" என்று நான்கு வருடமாக மிஸ் எனக்குச் சொல்லாத கிழமை இல்லை. இடுப்பில் கத்தி இறங்கியது போல் இருந்தது. உனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய கணவர் கேட்டார். மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அவரைத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் பிசியோதெரபிஸ்டாக மாற்றலாகி வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். ஓய்வு நாளான செவ்வாயிலும் எங்களை விடாதவர். எனக்கு இருபது வயது இளையவர். நான் எல்கடுவ தபால் கந்தோரில் முப்பது வருடம் குனிந்து முத்திரை குத்தியவள். வாய்த்துடுக்குக்காரி. அந்த வாயைப் பற்றித்தான் இதில் எழுத வேண்டியிருக்கிறது.

வந்த புதிதில் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். காலையும் மாலையும் பத்துப் பத்துத் தடவை செய்ய வேண்டிய அப்பியாசங்களைக் கடதாசியில் எழுதித் தந்திருந்தார். கிழமை முழுவதும் நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை பயம் பிடித்துக்கொண்டது. விட்டதையெல்லாம் கூட்டிக் கணக்குப் பார்த்து, இடுப்பைத் தூக்கித் தூக்கி ஒரே மூச்சில் செய்து முடித்தேன். மறுநாள் இடது கால்வரை மின்சாரம் போல் இழுக்க, நொண்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மிஸ் சிரிக்கவில்லை. "அக்கா, இது சோதினை இல்லை, முதல் நாள் இருந்து பாடமாக்க. ஒரு கிழமைச் சோத்தை ஒரு நாளில தின்னுவியளோ?" என்றார். காலில் விறைப்பு இருக்கிறதா, சலம் போவதில் சிக்கல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, டொக்டரிடம் காட்டிய பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார். பத்து அல்ல, மூன்று. வலியை மிஸ் 'நோ' என்றுதான் சொல்வார். "அடுத்த நாள் காலமை பாருங்கோ. நோ அடங்கியிருந்தா அது வேலை செய்த நோ. கூடியிருந்தா நாங்கள் எங்கேயோ பிழை விட்டிட்டம்." அந்த 'நாங்கள்' என்ற சொல்லுக்காகவே நான் ஒழுங்காகச் செய்யத் தொடங்கினேன்.

ஃபரீதாவின் கவலை வேறு. முழங்கால் தேய்ந்து, தொழுகையில் சுஜூதுக்குக் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் போனது. "கதிரையில இருந்து தொழலாம்தான் மிஸ். ஆனா எனக்கு மனசு ஆறுதில்ல" என்று அழுதார். அப்படியெல்லாம் அடம்பிடிக்காதீர்கள் என்று நான் அதட்டினேன். மிஸ் என்னைத்தான் அதட்டினார். கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருப்பதில் தொடங்கி, தொடையைப் பலப்படுத்தி, ஐந்து மாதத்துக்குப் பிறகு முழங்காலுக்கடியில் மெத்தென்ற தலையணையை வைத்து, ஃபரீதாவை நெற்றி தரையில் படக் குனியவைத்தார். பக்கத்தில் தானும் முழங்காலில் நின்று அவரைத் தாங்கிக்கொண்டார். அன்று அந்த மண்டபத்தில் அழாதவர் யாரும் இல்லை.

இனி எழுத முடியாததை எழுதுகிறேன்.

புதிதாக யார் வந்தாலும் மிஸ் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படுத்தா நோ குறையுதோ, கூடுதோ?" எப்படிப் படுத்தாலும் அடங்காமல், தூக்கத்தைக் கெடுத்து, காரணமில்லாமல் உடம்பும் வற்றுகிறதென்றால் அவர்களைப் பாயில் படுக்கவே விடமாட்டார். "இது அப்பியாசத்துக்குரிய நோ இல்லை. இண்டைக்கே டொக்டரிட்டப் போங்கோ." எங்களுக்கு அது மனப்பாடம்.

போன மாசித் தேர்த் திருவிழாவுக்குப் பிறகு, வகுப்பின் நடுவில் மிஸ் இடுப்பில் கைவைத்துச் சுவரில் சாயத் தொடங்கினார். "என்னங்க மிஸ், வைத்தியருக்கே வலியா?" என்று நான் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். "உங்களைத் தூக்கித் தூக்கித்தான்" என்று அவரும் சிரித்தார். இன்னொரு நாள் கண் சிவந்திருந்தது. நித்திரை இல்லை என்றார். சாறி இடுப்பில் நிற்காமல் ஊசி குத்தியிருந்தார். எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டு நான் சொன்னது என்ன தெரியுமா? "மெலிஞ்சு வடிவா இருக்கீங்க மிஸ். அந்த ரகசியத்த எங்களுக்கும் சொல்றதுதானே?"

மிஸ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதுகெலும்பில் புற்றுநோய். அதைக் கண்டுபிடித்தபோது நடக்கவே சிரமப்பட்டாராம். எங்களுக்கு "முதுகுக்குக் கொஞ்சம் ஓய்வு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். முந்தியே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டொக்டர்மார் உறுதியாகச் சொல்லவில்லை என்று அவர் கணவர் என்னைத் தேற்றுகிறார். மனைவியைப் பறிகொடுத்தவர் என்னைத் தேற்றுகிறார்! எனக்குத் தேறவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னீர்களே, உங்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு நாள் கிடைக்கவில்லையா என்று மிஸ் மேல் கோபம் வருகிறது. உடனே, அதைச் சொல்லத்தான் எதிரே நான் இருந்தேனே என்று நினைவு வருகிறது. அடுத்த நாள் காலையில் பார்க்கச் சொன்னாரே, பார்க்கிறேன். ஒவ்வொரு காலையும் நோ கூடித்தான் இருக்கிறது.

இரண்டு கிழமை நான் படுக்கையை விட்டு எழவில்லை. முதுகு பலகையாக இறுகிவிட்டது. கடைசியில் ஃபரீதாதான் வந்து நின்றார். "நீங்க இப்பிடிக் கிடந்தா மிஸ்ஸுட பாடு எல்லாம் வீணாப் போகும் தபாலம்மா" என்றார். ஒருக்களித்து, கையை ஊன்றி எழும்பினேன்.

போன செவ்வாய் மண்டபத்துக்கு, எல்கடுவயில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மிஸ் இறந்தது அவளுக்குத் தெரியாது. சட்டை தோளில் தொளதொளத்தது. அவள் பாயை விரிக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"படுத்தா வலி குறையுதாம்மா, கூடுதா?"

"கூடுதுங்க. தூங்கவே முடியல. ஒங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். என்ன நோய் என்று இன்னும் தெரியாது, சோதனை நடக்கிறது. வழியெல்லாம் அவள் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். நான் அவள் கையை விடாமல் நடந்தேன்.

சுகந்தி மிஸ்ஸிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். இனி வருகிற எல்லோரிடமும் கேட்பேன், சாகும்வரை கேட்பேன். உங்களிடம் மட்டும் கேட்கவில்லையே, மிஸ்.