முகூர்த்தத்தை நிறுத்திய முன்சக்கரம்

மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குக் கை கறுப்பாக இருந்தால் போதும், மூளை இருக்கிறது என்று ஊர் தானாகவே நம்பிவிடும். ஆனால் நான் இங்கே சொல்லப்போவது அத்தனையும் சத்தியம், சத்தியம், சத்தியம்! கற்பூரத்தை ஏற்றுங்கள், அணைத்துச் சொல்கிறேன். இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் மீசை இந்த நிமிஷமே உதிர்ந்து கிரீஸ் டப்பாவில் விழட்டும்.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரம் ரயில்வே ரோட்டில் என் பட்டறை. "வண்டியில ஏதோ சத்தம் வருதுங்க" என்று நீங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றதும், அந்தச் சத்தம் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொள்ளுமே, அந்த அவமானத்தை அனுபவித்தவர்கள் எல்லாரும் கிட்டே வந்து உட்காருங்கள். நமக்குள் பேசிக்கொள்வோம்.

சீவாளி மாற்றிய வித்துவான்

ஐயம்பேட்டை சண்முகம் பட்டு நூல் வியாபாரி. நூல் சிப்பத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு தினமும் காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் போய் வருவான். ஒருநாள் அவன் வண்டியின் முன்சக்கரத்தில் ஒரு உராய்வுச் சத்தம் பிறந்தது. சாதாரண உராய்வா அது? ஊர்ச் சமையலுக்கெல்லாம் ஒரே ஆள் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற மாதிரி, 'சர்ர்ர்' என்று விடாத சத்தம். வண்டி தெருமுனையில் வரும்போதே வீடுகளில் தண்ணீர்க் குடம் அதிரும். தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும், அழுகிற குழந்தை தூங்கிவிடும்.

ராஜவீதியில் ஒரு நாதஸ்வர வித்துவான் சாதகம் செய்துகொண்டிருந்தார். சண்முகம் அந்தப் பக்கம் போனதும், தன் வாத்தியத்தில்தான் பிசிறு என்று நினைத்து, வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைக் கழற்றி வேறு மாட்டினார். சண்முகம் திரும்பி வந்தான். மறுபடி கழற்றினார். கையிலிருந்த சீவாளி எல்லாம் தீர்ந்த பிறகுதான் உண்மை தெரிந்து, நேராக என் பட்டறைக்கு வந்தார்.

"மேஸ்திரி, ஒண்ணு அந்தச் சக்கரத்துச் சத்தத்தை நிறுத்து, இல்ல அதுக்கு சுருதி சேத்துக் குடு. ரெண்டுங்கெட்டானா சுத்தறது என்னால தாங்க முடியலப்பா!"

அருணாசல முதலியாரின் தீர்ப்பு

பிள்ளையார்பாளையத்து அருணாசல முதலியாரின் மகள் கோமளாவைத்தான் சண்முகத்துக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். முதலியார் தறியில் உட்கார்ந்தால் தெருநாய்கூட யோசித்துத்தான் குரைக்கும். அப்படிப்பட்டவர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். மகளின் கூறைப்புடவைக்கென்று தானே சாயம் தோய்த்த அரக்குச் சிவப்புப் பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டிருந்தார். பாவு நீட்டியிருந்தால் சாமி ஊர்வலமே பொறுத்துப் போகிற தெரு அது. அவர் உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் ஓரத்து இழைகளை எதுவோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. கோயில் மாடுதான் செய்தது என்று முடிவு கட்டி, அதைக் கண்ட இடத்திலெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில் மாப்பிள்ளையின் வண்டிச் சத்தமும் அவர் காதில் விழுந்தது. பட்டறைக்கே வந்துவிட்டார். சண்முகம் தலையைக் குனிந்து நிற்க, சக்கரத்தைச் சுற்றச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார்.

"தறியில உராய்ற சத்தம் கேட்டா நான் நெய்யறத நிறுத்திடுவேன். அப்படியே நெய்ஞ்சா, துணியில எங்கனா பழுது காட்டும். மொதல்ல பாவு போச்சு, இப்ப இது. இந்தச் சத்தம் நிக்கற வரைக்கும் பத்திரிகை அடிக்கறதா இல்ல மேஸ்திரி!"

காது வைத்த ஊர்வலம்

ஒரு கல்யாணம் என் ஸ்பானரின் நுனியில் தொங்கியது. எஞ்சினுக்கு அடியில் கட்டை வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினேன். மட்கார்டு எங்கும் இடிக்கவில்லை. சுற்றுக்கு ஒரு தடவை விட்டு விட்டு உராய்ந்தால் ரிம் கோணல் என்று சொல்லலாம். இது விடாமல் உராய்கிறது. பிரேக் கம்பியைத் தளர்த்தினேன், நிற்கவில்லை. டிரம்மைத் திறந்து லைனிங்கைத் தேய்த்தேன், ஊதினேன், திட்டினேன். சத்தம் இன்னும் தெளிவாக வந்தது.

சரி, ஓடும்போதே கேட்டுவிடுவோம் என்று பெட்ரோல் டாங்கின் மேல் குப்புறப் படுத்து, தலையை முன்னால் தொங்கவிட்டு, காதைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சண்முகம் என் முதுகுக்கு மேல் கை நீட்டி ஓட்டினான். பாதித் தூரம் போனபோது எதிரே வந்த சைக்கிள்காரர்கள் இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். கடைக்காரர் ஒருவர் பாதிக் கதவைச் சாத்தினார். பின்னால் மெல்ல ஒரு கூட்டம் சேர்ந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சண்முகம் வண்டியை நிறுத்தினான். நான் எழுந்து உட்கார்ந்தேன். ஒரு அம்மாள் 'ஐயோ' என்று கத்தினாள். முன்னால் நின்ற பெரியவர் மட்டும் அசையாமல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொழைச்சிக்கினியா? இத மொதல்லியே சொல்றதில்லையா, மாலை வாங்கிக்கினு வந்துட்டேனேப்பா!"

கஞ்சி கண்ட ஆடு

மறுநாள் முதலியார் விசாரிக்க வந்தபோது நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன், சண்முகமும் பக்கத்தில் நின்றிருந்தான். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெள்ளாடு பட்டறைக்குள் வந்தது. வரிசையாக நின்ற வண்டிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சண்முகத்தின் வண்டிக்குப் போய், முன்சக்கரத்து அச்சை, அதுவும் பிரேக் இல்லாத பக்கத்தில், பரம சுகமாக நக்க ஆரம்பித்தது. கிரீஸை நக்கும் ஆட்டை என் சர்வீஸில் நான் கண்டதில்லை. விரட்டினேன், சுற்றிக்கொண்டு வந்து அதே இடத்தை நக்கியது.

குனிந்து பார்த்தேன். அச்சைச் சுற்றிக் கறுப்பாக, உருண்டையாக ஒரு வளையம். வண்டியோடு பிறந்தது போலிருந்ததால் அதுவரை அதை நான் மதிக்கவே இல்லை. அது சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் உரசிய இடம் மட்டும் கண்ணாடியாகப் பளபளத்தது. முதலியார் ஆட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த ஆட்டு ஜாதிக்கு பாவுக் கஞ்சின்னா உயிருப்பா. எங்க தெருவுல பாவு போட்டா இதுங்கள தொரத்தறதே பெரிய வேலை. உன் பட்டறையில எங்கேருந்து வந்துது கஞ்சி?"

அரக்குச் சிவப்பு

சண்முகத்தைப் பார்த்தேன். அவன் முகம் அரிசிக் கஞ்சியைவிட வெளுத்திருந்தது. நகத்தால் அந்த வளையத்தைச் சுரண்டினேன். உள்ளே சிவப்பு. கந்தலைப் போட்டு மூடி, "பழைய கிரீஸுங்க, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அந்த ஆட்டுக்கு ரகசியம் தெரியுமா? கந்தலைத் தள்ளி, நுனியைக் கவ்விக்கொண்டு நடந்தது. சக்கரம் சுழன்றது. இழை வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. தூணைச் சுற்றி, டீக்கடை பெஞ்சைச் சுற்றி, முதலியாரின் காலடியில் வந்து குவிந்தது. கடைசி இழையும் கழன்றபோது சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. அந்த நிசப்தம்தான் எங்களைப் பயமுறுத்தியது.

"மாப்ளே, விடியக்காலைல எங்க தெருவுல உங்களுக்கு என்ன வேலை?"

கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுத் தெருவில் மாப்பிள்ளை சுற்றக்கூடாது. சண்முகம் ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கோமளா கோலம் போடற நேரம் மாமா. அந்தப் பக்கமே பாத்துக்கினு வந்தேன். பாவு இருந்தது தெரியல."

முதலியார் குனிந்து நூலை அள்ளி, பஞ்சர் பார்க்க நான் வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் அலசினார். கறுப்பு இறங்கியது. தொட்டிக்குள்ளிருந்து மேலே வந்தது பாருங்கள் ஒரு சிவப்பு, அன்று காலையில்தான் சாயத்திலிருந்து எடுத்தது போல! வெயிலும் சேர்ந்துகொள்ள, பட்டறைச் சுவரெல்லாம் சிவந்தது. பேச வாய் திறந்தவர்கள் மூடவில்லை. இத்தனை நாள் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் அரைபட்ட நூல் அது.

அவர் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நூலை முறுக்கி, ஒரு முனையை விளக்குக் கம்பத்திலும் மறுமுனையை வண்டியின் பின்னாலும் கட்டி, "ஓட்டுங்க" என்றார். சண்முகம் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். எஞ்சின் உறுமியது, பின்சக்கரம் சாலையில் பள்ளம் பறித்தது, நூல் வீணைக் கம்பி போல் ரீங்காரம் இட்டது. கடைசியில் எஞ்சின்தான் விக்கி நின்றது. கம்பம் எங்கள் பக்கம் லேசாகச் சாய்ந்ததை நகராட்சிக்காரர்கள் பிறகு வந்து நிமிர்த்தினார்கள்.

முதலியார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். மார்பு ஒரு சாண் கூடுதலாக அகன்றிருந்தது.

"இழை அறுந்தாத்தாம்பா அபசகுனம். இது அறுந்த நுனியில்ல, முடிச்சு அவுந்து வந்த நுனி. அறுந்துடாம மாப்பிள்ளையக் கட்டி இழுத்தாந்திருக்குது என் நூலு! பத்திரிகை அடிக்கச் சொல்லுங்க. மாப்ளே, இனிமே எங்க தெருவுல பாவு இருந்தா எறங்கித் தள்ளிக்கினு வரணும், ஆமா!"

கோமளாவின் விண்ணப்பம்

கூறைப்புடவையில் அந்த இழைகளையும் சேர்த்தே நெய்தார். பந்தலில் மெல்லிய பெட்ரோல் வாசனை அடித்ததால் ஓமகுண்டத்தை ஐயர் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார் என்பதும் சத்தியம். கல்யாணம் அமோகமாக நடந்தது. முன்சக்கரம் பட்டுப் போல ஓடியது. என் புகழ் மாகறல் கிராமம் வரைக்கும் போய் வந்தது.

ஆடி முடிந்த ஒரு மத்தியானம் கோமளா தனியாகப் பட்டறைக்கு வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, அந்தச் சத்தம் இருந்தப்போ அவரு ஊரு எல்லை தாண்டும்போதே தெரிஞ்சிடும். இப்ப பூனை மாதிரி வந்து பின்னால நிக்கறாரு. நேத்து அவங்க அம்மாவப் பத்தி பக்கத்து வூட்டுல பேசிக்கினு இருந்தேன், அப்படியே மாட்டிக்கினேன். கொஞ்சூண்டு சத்தம் திரும்ப வெச்சுக் குடுங்கண்ணா!"

ஒரே சத்தத்தை அவனுக்காக எடுத்துவிட்டு அவளுக்காகத் திரும்ப வைக்கிறதுக்குப் பேர்தான் மெக்கானிக் தொழில், ஆனால் மட்கார்டுக்கு அடியில் சக்கரத்தில் உரசும்படி ஒரு தோல் துண்டைச் செருகிய கை யாருடையது என்பதையும் அதை உங்களுக்கு யார் சொன்னார்கள் என்பதையும் தயவுசெய்து சண்முகத்திடம் மட்டுமல்ல, ஒருத்தரிடமும் சொல்லிவிடாதீர்கள்.