வாசலில் கட்டிய ஃபிளெக்ஸ்

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக வந்தவர் குடைக்கம்பிபோல ஒல்லியான மனிதர். எதை வாசித்தாலும் உதடு அசையும். கல்லூரி வாசலில் என் மச்சான்மார் முந்தின நாளே கட்டிய ஃபிளெக்ஸையும் அப்படித்தான் வாசித்தார்: ‘டாக்டர் பட்டம் பெற்ற எங்கள் மண்டைக்காட்டுச் சிங்கத்துக்கு வாழ்த்துகள்.’

அரங்கில் அவர் கேட்ட முதல் கேள்வியே, “வெளிய டாக்டர்னு நிக்கது யாரு?”

“நான்தான் சார்.”

“அப்பம் நான் எதுக்கு வந்தேன்?”

நெறியாளர் தலை குனிந்துகொண்டார். பின்பக்கம் பிரியாணி அண்டாவை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வெகுநேரம் வறுத்தெடுத்துவிட்டு, தேர்ச்சி என்று அறிவித்தார். வழியனுப்பப் போனேன். வாசலில் நின்றுவிட்டார்.

“எனக்கும் துணியில எழுதிக் கட்டியிருந்தாவ மக்கா. அன்னைக்கு வைவால தோத்துட்டேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஃபிளெக்ஸை முதலிலிருந்து மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார்.