முயல் கடித்த திரைச்சீலை

மகள் கிளம்பியது ஒரு புதன்கிழமை. வாசலில் வாடகைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவளோ பெட்டியை விட்டுவிட்டுக் கூண்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே நான்கு மாதச் சாம்பல் நிற முயல். பெயர் கத்திரி.

"அம்மா, இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா மறைக்காம சொல்லணும். அடுத்த பிளைட்ட புடிச்சு வந்துடுவேன்."

"முதல்ல இந்த பிளைட்ட புடி," என்றாள் அம்மா.

சிரித்துத்தான் அனுப்பினாள். கார் தெருமுனை திரும்பியதும் அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. மகள் சொன்னால் செய்கிறவள். இரண்டு வருடம் பரீட்சை எழுதி வாங்கிய வெளிநாட்டு நர்ஸ் வேலை. அதை ஒரு முயலுக்காக உதறிவிட்டு வந்து நிற்கக்கூடியவள்.

அம்மா தையல்காரி. மாடியில் இரண்டு அறை. முன்னறை கடை, பின்னறை வீடு. இருபத்தாறு வருடம் அதே ஜன்னலோரம், அதே மெஷின். தெருவில் போகிறவளின் பாவாடை ஒரு பக்கம் அரை விரல் இறங்கியிருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை.

முயல் முதல் வாரம் கதவு நிலையைக் கொறித்தது. அடுத்த வாரம் மெஷின் மோட்டாரின் ஒயர். மூன்றாம் வாரம் ஜன்னல் திரைச்சீலையின் அடி ஓரம் முழுவதும் கந்தல். அதை நாலு விரல் உயரத்துக்கு வெட்டி, மடித்துத் தைத்துத் தொங்கவிட்டாள். போனில் இதைச் சொன்னபோது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சட்டைகளை எடுத்துப்போக வந்த கீழ்க்கடை இஸ்திரிக்காரர் கதவு நிலையைப் பார்த்தார். "என்னக்கா, குட்டி டெய்லரு உங்களவிட வேகமா வெட்டுறாரு?"

"அளவெடுக்காம வெட்டுறாரு. அதான் பிரச்சினை."

அடம்பிடிக்கிற குழந்தைக்கு அளவெடுக்க அவளிடம் ஒரு வழி உண்டு. சிணுங்க ஆரம்பித்ததும் கையில் ஒரு மிட்டாய், குழந்தை கப்சிப். முயலிடமும் அதையே செய்தாள். நிலையில் பல் பட்ட சத்தம் கேட்டால் கொத்தமல்லித் தழை ஒன்றை நீட்டுவாள். அது விட்டுவிட்டு ஓடி வரும். பரவாயில்லையே என்று இருந்தாள். ஆனால் நாளுக்கு நாலு தடவை கடித்தது பத்துத் தடவை கடிக்க ஆரம்பித்தது.

ஆறாம் வாரம் ஒரு காலை. கூண்டுத் தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. வைத்த புல் வைத்தபடி கிடந்தது. கத்திரி மூலையில் உருண்டையாகச் சுருண்டு, பாதிக் கண் மூடிக் கிடந்தது. சட்டென்று மேஜைக்கடியில் பார்த்தாள். நேற்று வெட்டி வைத்த எலாஸ்டிக்கில் ஒரு துண்டைக் காணோம். ஒரு சாண் இருக்கும். குப்பைக்கூடையைக் கவிழ்த்துக் கிளறினாள். இல்லை.

போன் ஒலித்தது. மகள்தான். "இன்னைக்கு போட்டோ எங்கம்மா?" தினமும் காலையில் ஒரு படம் அனுப்புவது வழக்கம். பழைய படங்களைத் தள்ளித் தள்ளி, ஜன்னலடியில் காதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த படம் ஒன்றை அனுப்பினாள். பிறகு முயலைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

கால்நடை டாக்டர் சின்னப் பெண்தான். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "குடல் வேலை செய்யல. முயலு அரை நாள் சாப்பிடலன்னாலே ஆபத்தும்மா."

"எலாஸ்டிக் ஒண்ண காணோம், டாக்டர்."

"தின்னுருக்கலாம், தின்னாமலும் இருக்கலாம். நாளைக்குள்ள புழுக்கை போட்டா பயமில்ல." ஊசி போட்டுவிட்டு, சிரிஞ்சில் ஊட்டக் கூழும் கொடுத்தாள். "சரி, அது எதையாவது கடிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ அது தப்பே பண்ணலையே. கதவ கடிச்சா தழை வரும்னு நீங்கதான பழக்கிவிட்டிருக்கீங்க."

அன்று மெஷின் ஓடவில்லை. கூண்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளுக்குச் சொல்ல மூன்று தடவை போனை எடுத்து மூன்று தடவையும் வைத்துவிட்டாள். மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஐந்து புழுக்கைகள். மிளகைவிடச் சின்னவை. பொத்தான் எண்ணுவதுபோல் இரண்டு முறை எண்ணினாள். பிறகு முயலை ஜன்னலடியில் விட்டுப் புல் வைத்தாள். அது கடித்த அந்தக் கணமே படம் எடுத்து அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து இஸ்திரிக்காரர் மேலே வந்தார். "அக்கா, இந்த எலாஸ்டிக் உங்களுதா? நீங்க இஸ்திரிக்குக் குடுத்த சட்டைப் பையில இருந்துச்சு." வாங்கிக் கையால் அளந்தாள். சரியாக ஒரு சாண்.

ஒயரைக் குழாய்க்குள் விட்டாள். நிலைக்குத் தகரம் அடித்தாள். அட்டைப்பெட்டியில் புல்லும் குச்சியும் நிரப்பி, அங்கே கடித்தால் மட்டும் தழை. முதல் மூன்று நாள் முயல் முன்னைவிட மூர்க்கமாகத் தகரத்தைச் சுரண்டியது. தழையை நீட்டத் துடித்த கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். நாலாம் நாள் அது பெட்டிக்குள் போனது. ஆனாலும் அந்த ஒரு நாளைப் பற்றி மகளிடம் மூச்சுவிடவில்லை.

பதினோரு மாதம் கழித்து ஒரு செய்தி வந்தது.

"அம்மா, போன வருஷம் ஒருநாள் லேட்டா ஒரு போட்டோ அனுப்பின. அதுல திரை தரைய தொட்டுட்டு இருந்துச்சு. நீ அத வெட்டித் தச்சு மூணு வாரம் ஆகியிருந்துச்சு. பழைய போட்டோன்னு பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. கேட்டா மறுபடியும் பொய்தான் சொல்லுவன்னு கேக்கல, பெட்டிய கட்டிட்டேன். மறுநாள் போட்டோல திரை நாலு விரல் மேல இருந்துச்சு, கத்திரி புல்லு தின்னுட்டு இருந்துச்சு. அப்புறம்தான் பெட்டிய பிரிச்சேன்."