ஆறு நாள் பயிற்சியை ஒரே மூச்சில் முடித்த சித்தி

நான் பிசியோதெரபி சேர்ந்தபோது எங்கள் தெருவுக்குச் செல்போன் வந்துவிட்டது, என் படிப்பு இன்னும் வந்திருக்கவில்லை. "மசாஜா படிக்கிறே கண்ணு?" என்றார் எதிர்வீட்டு அத்தை. எந்த மூட்டு எவ்வளவு திரும்பும், எந்தப் பயிற்சி எதைச் சரிசெய்யும் என்று பஸ் வரும்வரை நின்று விளக்கினேன். "அட, நல்லா அமுக்கி உடுவேன்னு சொல்லு" என்று முடித்துவிட்டார்.

இரண்டாம் வருடம் உடற்பயிற்சி சிகிச்சை பாடம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயம்புத்தூர் காலேஜிலிருந்து பஸ்ஸில் ஊர் திரும்பும்போது முன்சீட்டுக்காரர்களின் கழுத்தையும் முதுகையும் நோட்டம் விடுவேன். எங்கள் ஊருக்குச் சற்று முந்தின அனுப்பர்பாளையம் தாண்டுவதற்குள் பாதி பஸ் என் நோயாளி.

நிஜமாகக் கிடைத்த முதல் ஆள் என் சித்தி. பனியன் கம்பெனியில், தைத்த பீஸுக்கு இவ்வளவு கூலி என்ற பீஸ் ரேட்டுக்கு, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டினார். வலது தோள் இறுகி, கை காதுவரைகூட ஏறவில்லை. மிஷின் நூல் தலைக்கு மேலே ஒரு கம்பி வழியாகத்தான் இறங்கும். அறுந்தால் கையைத் தூக்கிக் கோக்க வேண்டும். கான்ட்ராக்டர் அவரை, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் மேசைக்கு மாற்றியிருந்தார். "தீபாவளிக்குள்ள கை ஏறுனா மிஷின் உங்களுதுங்க்கா. இல்லீன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்."

ஆஸ்பத்திரியில் சிகிச்சை தொடங்கியிருந்தார்கள். வீட்டுப் பயிற்சியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டேன். கையைத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டுவது, சுவரில் விரல்களால் மெல்ல மேலே ஏறுவது. தினமும் காலையும் மாலையும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால், சித்தி கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன வாரம் ஏறிய அளவுகூட ஏறவில்லை.

"பண்ணுனீங்களா சித்தி?"

"பண்ணாம? வாரத்துல ஏது நேரம். இன்னைக்குக் காலைல நின்னு ஆறு நாளுதும் ஒரே மூச்சா முடிச்சுட்டேன். பாக்கி வெச்சுப் பழக்கமில்ல கண்ணு." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "நாளைக்குதும் சேத்துப் போட்டேன்."

பீஸ் ரேட்டில் அது சரி. விட்ட வேலையை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிடித்துவிடலாம். தோளுக்கு அந்தக் கணக்கு செல்லாது என்று பாடப்புத்தகத்தில் இருந்தபடி விளக்கினேன். சித்தி கொட்டாவி விட்டார்.

வலி அடங்கும்வரை பயிற்சி வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த இடைவெளியில் கம்பெனிக்குப் போய் நின்று பார்த்தேன். பனியன்கள் கட்டுக்கட்டாக வரும். ஒரு கட்டைப் பார்த்து முடித்ததும் சித்தி துண்டுத்துணியால் இறுக்கித் தள்ளிவிட்டு, அடுத்தது வரும்வரை சும்மா நிற்பார். எனக்கு அது போதும்.

"வலி கொறஞ்சதும், ஒரு கட்டு முடிஞ்சா ஒருக்கா செவுத்துல வெரல ஏத்துங்க. சேத்துவெச்சு ஏத்தக்கூடாது."

"இதுக்கு என்ன ரேட்டு?" என்றார் சித்தி.

ஆனால் செய்தார். முதல் நாளே சூப்பர்வைசர் கேட்டாராம், "ஏனுங்க்கா, பல்லி புடிக்கறீங்களா?" "ஆமாங்க, உங்க சாப்பாட்டுல போடத்தான்."

துணியில் குறிபோடும் சாக்கட்டியால் கம்பியின் உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு போட்டேன். தீபாவளி நெருங்கியபோதும் விரல்கள் கோட்டுக்கு ஒரு சாண் கீழேயே நின்றன. இறுகிய தோள் பண்டிகை பார்த்துத் திறக்காது. வேறு வழி தேடி மிஷினைச் சுற்றிவந்தபோதுதான் கம்பி ஒரு திருகில் நிற்பதைக் கவனித்தேன். மெக்கானிக்கிடம் கேட்டேன். "எறக்கலாங்க, நூல் ஓடும்."

சித்திக்குக் கோபம். "என்னையக் கைய ஏத்தச் சொல்லிப்போட்டுக் கம்பிய எறக்கறியா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"கை ஏறுற வரைக்குந்தான் சித்தி."

கான்ட்ராக்டர் வந்தார். சித்தி நூல் கோத்து ஒரு பீஸ் அடித்துக் காட்டினார். "கம்பி குட்டையா இருக்குதுங்களே" என்றார் அவர். "கோத்தது என் கை தானுங்களே" என்றார் சித்தி. மிஷின் கிடைத்தது.

வகுப்பில் இதைச் சொன்னபோது, தோள் குணமானதா என்று கேட்டார்கள். வேலை கிடைத்தது என்றேன். கேட்டது அதில்லை என்றார்கள். நியாயம்தான்.

பொங்கல் கழிந்து கம்பெனிக்குப் போனேன். கம்பி பழைய உயரத்தில் நின்றது. சித்தி நிமிர்ந்து, முகம் சுளிக்காமல் நூலைக் கோத்தார்.

"யாருங்க சித்தி இத ஏத்துனது?"

"நாந்தான். ஒரே நாள்ல ஏத்தல கண்ணு."